சுண்டு விரலும் பழமும்: ஒரு புது டீச்சரின் முதல் நாள்

2022 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை எங்கள் பள்ளியில் நடந்ததை எழுதுகிறேன். எழுதச் சொன்னது அன்றைக்குப் புதிதாக வந்து சேர்ந்த டீச்சரேதான். "பேரு மட்டும் போடாதீங்க டீச்சர்" என்றார். ஆகவே அவர் பெயரோ பிள்ளைகளின் பெயரோ ஊர்ப் பெயரோ இதில் வராது. நான் அங்கே தலைமையாசிரியர். அன்று நடந்த தப்புகளில் பெரியது என்னுடையது. அதனால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்ததும் நியாயம்தான்.

பள்ளியும் பிள்ளைகளும்

நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் உண்டு. வெண்ணாறு அங்கே மூன்றாகப் பிரியும். அதில் கோரையாறு போகிற வழியில், கடைமடையை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி, ஒரே ஓட்டுக் கட்டடம், நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர். இந்தப் பக்கம் பாடம் நடத்தினால் அந்தப் பக்கம் கேட்கும். மொத்தம் 43 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். எங்களுக்கும் இரண்டு பணியிடம் இருந்தது. ஒன்று முந்தின ஆண்டிலிருந்தே காலி. ஐந்து வகுப்பையும் நான் ஒருத்தியே கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டுப் பிள்ளைகள் சாதாரணப் பிள்ளைகள் இல்லை. ஒன்றாம் வகுப்புக்கு வந்ததுகள் கொரோனாவால் அங்கன்வாடிப் பக்கமே ஒழுங்காகப் போனதில்லை. பாயில் வரிசையாக உட்காருவது, தட்டைக் கழுவி வைப்பது, அம்மா இல்லாமல் பகல் முழுக்க இருப்பது எல்லாமே அதுகளுக்குப் புதுசு. மூன்றாம் வகுப்பு? ஒன்றாம் வகுப்பை வீட்டிலேயே முடித்துவிட்டு, 2021 நவம்பரில் பள்ளி திறந்து, ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் மறுபடி திறந்த கூட்டம். வயசு எட்டு, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த காலம் அரை வருஷத்துக்குச் சற்றே மேல். ஜூன் 13-ஆம் தேதி எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. ஒன்று முதல் மூன்று வரை சேர்த்து உட்காரவைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித் தர வேண்டும். அந்த மூன்று வகுப்பிலும் சேர்த்து 27 பேர்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிற மேட்டூர் அணையை அந்த வருஷம் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். ஜூலையில் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் பள்ளிக்குத் தெற்கே இருபது தப்படி. அந்தப் பக்கம் சுற்றுச்சுவர் சரிந்த இடத்தில் கம்பி கட்டியிருந்தோம்.

வந்தவர்

தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கோடையில்தான் உத்தரவு வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். (அந்தத் தொகையைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு கட்டுரையாகிவிடும்.) வந்தவருக்கு 26 வயது. ஆசிரியர் தகுதித் தேர்வு முதல் தாளில் தேறியவர். கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக ஏழெட்டு மாதம் சாயங்கால வகுப்பு எடுத்தவர். பிள்ளைகளோடு நன்றாகப் பழகுவார் என்று குழுவில் இருந்த அம்மாக்களே சொன்னார்கள். அதில் பொய்யில்லை.

திங்கட்கிழமை காலை மகளிர் இலவச பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் ஒரு துணிப்பையோடு ஒன்பது மணிக்கெல்லாம் நின்றார். எனக்கு ஒரே சந்தோஷம். எத்தனை மாதத்துக்குப் பிறகு நாலாம், அஞ்சாம் வகுப்பை நிம்மதியாக எடுக்கப் போகிறேன்! பிரார்த்தனை முடிந்ததும் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இனிமே இவங்கதான் உங்க டீச்சர்" என்றேன். வருகைப் பதிவேட்டை அவர் கையில் கொடுத்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன். ஒப்படைப்பு அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது

எனக்கு ஒரு பழைய பழக்கம், நாட்குறிப்பில் நேரம் போட்டு எழுதுவது. அன்றைக்கு எழுதியதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

9.35-க்குப் பாட்டு. கையும் காலும் ஆட்டிப் பாடுகிற பாட்டு, என் பக்கத்துப் பிள்ளைகளும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். 10.05-க்கு இன்னொரு பாட்டு. அப்புறம் களிமண். வீட்டிலிருந்தே பிசைந்து துணிப்பையில் கொண்டுவந்திருக்கிறார். அந்தப் பை அதற்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

10.25-க்குக் கதை. வரப்பில் இருக்கிற ஒரு நண்டு, வளையை விட்டுக் கிளம்பி நேராக ஆற்றுக்குப் போகிறது என்று ஆரம்பித்தார். உடனே ஒரு பையன் குரல்: "நண்டு நேராப் போவாது டீச்சர்." இன்னொருத்தன், "சாஞ்சி சாஞ்சிதான் போவும், இப்புடி" என்று எழுந்து நடந்தே காட்டியிருக்கிறான் போல, ஒரே சிரிப்பு. வளைக்குள் கையை விடக்கூடாது, குச்சியை விட்டு ஆட்டினால் அதுவே கவ்விக்கொண்டு வரும் என்பது வரைக்கும் பாடம் போனது. பிள்ளைகள் டீச்சருக்கு நடத்திய பாடம். அவரும் விட்டுக்கொடுத்துக் கேட்டார். முதல் நாளில் இது யாருக்கும் சுலபமாக வராது. நான் நாட்குறிப்பில் "நல்ல டீச்சர்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

10.50-க்கு இடைவேளை மணி. அதற்குப் பின்னால் ஒரு மணி நேரம் நான் எதுவுமே எழுதவில்லை. எழுத முடியாத அளவுக்குச் சத்தம்.

இடைவேளை முடிந்து பாதிப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், பாதி வேப்பமரத்தடியிலேயே நின்றார்கள். வந்தவர்கள் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்தார்கள். என் இடம், உன் இடம் என்று அடி. டீச்சர் எல்லாரையும் சிலேட்டை எடுத்து எழுதச் சொன்னார். மூன்றாம் வகுப்பு நாலு நிமிஷத்தில் எழுதி முடித்து "அப்புறம்?" என்றது. ஒன்றாம் வகுப்புக்கு எதை எழுதுவதென்றே தெரியவில்லை. "சத்தம் போடாதீங்க" என்பதை அவர் முதலில் கொஞ்சலாகச் சொன்னார், பிறகு சாதாரணமாக, பிறகு கத்தலாக. தொண்டை கம்முவது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது.

போயிருக்கலாம். போகவில்லை. முதல் நாளே நான் உள்ளே நுழைந்தால் பிள்ளைகள் அவரை மதிக்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அஞ்சாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு பாதியில் நின்றது, அதை விட மனசில்லை.

சுண்டு விரல்

11.40 இருக்கும். இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. டீச்சர் சொன்னதும், பக்கத்தில் இருந்த மூன்றாம் வகுப்புப் பெண் சொன்னதும் சேர்ந்தது.

ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, வாயே திறக்காது. ஜூனில் சேர்ந்தபோது மற்றதெல்லாம் அழுதன, இது அழவும் இல்லை. அது முன்வரிசையில் உட்கார்ந்தபடி டீச்சரையே பார்த்துச் சுண்டு விரலை நீட்டியிருக்கிறது. எங்கள் வகுப்பில் சுண்டு விரல் என்றால் ஒண்ணுக்குப் போக வேண்டும். இரண்டு விரல் என்றால் இன்னொன்று. வாய் திறக்காத பிள்ளைகளுக்காக ஜூன் மாதமே நான் பழக்கியிருந்தேன். விரலைக் காட்டினால் நான் தலையை ஆட்டுவேன், அது ஓடும். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

டீச்சருக்கு அது எப்படித் தெரியும்? சின்னப் பிள்ளை சுண்டு விரலைக் காட்டினால் தமிழ்நாட்டில் யாருக்கும் தெரிந்த அர்த்தம் ஒன்று உண்டு: "உன்னோட காய்." தான் கத்திவிட்டதால் குழந்தை கோபித்துக்கொண்டு காய் விடுகிறது என்று நினைத்தார். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் அவருக்குச் சிரிப்பு வந்திருக்கிறது. குனிந்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நீட்டி, "பழம்" என்று வாயசைத்துக் காட்டினார்.

அந்தக் குழந்தையின் கணக்கில் டீச்சர் காட்டியது இரண்டு விரல். ஒண்ணுக்கு என்று கேட்டால் ரெண்டுக்கா என்று கேட்கிறாரே! அது இல்லை என்று தலையாட்டியது. மறுபடி சுண்டு விரலைக் காட்டியது. கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று இவர் மறுபடி பழம் காட்டினார். இப்படி மூன்று தரம் நடந்ததாம். அப்புறம் பின்வரிசையில் எவனோ எவன் தலையிலோ சிலேட்டால் தட்ட, டீச்சர் அங்கே ஓடினார். திரும்பி வந்தபோது பாய் நனைந்திருந்தது. குழந்தை அசையாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. விரல் மட்டும் இன்னும் நீட்டியபடியே இருந்ததாம்.

மூன்றாம் வகுப்புப் பெண்தான், "அவ அப்பவே கேட்டா டீச்சர், நீங்கதான் வுடல" என்றாள்.

சத்துணவு ஆயா வந்து குழந்தையைக் கழுவி, தன் பேத்தியின் பாவாடையை எடுத்து வந்து மாட்டிவிட்டார். யாரும் கேலி செய்யவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அது வழக்கமில்லை. ஆனால் புது டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

பாய்க்கட்டு

சோறும் முட்டையும் சாப்பிட்டு 1.30-க்கு மணி அடித்தோம். அப்போது டீச்சர் தலையை எண்ணினார். 26. மறுபடி எண்ணினார். அதே 26.

தடுப்பருகே வந்து, "டீச்சர், ஒண்ணாம் வகுப்புப் பையன் ஒருத்தனைக் காணும்" என்று அவர் சொன்னதும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே திசையில்தான் பார்த்தோம். தெற்கே. நான் கம்பியைத் தாண்டிய விதம் எனக்கே நினைவில்லை, புடவை கிழிந்திருந்ததை வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. கரையில் செருப்பு எதுவும் இல்லை. செருப்பைத் தேடினேன் என்பதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், "புள்ள எதுவும் வரலியே டீச்சர்" என்று அங்கிருந்தே கத்தினார்கள்.

பையன் என் வகுப்பில், பீரோவுக்குப் பின்னால், சுருட்டி வைத்த பாய்க்கட்டின் மேல் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அக்காதான் கண்டுபிடித்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பை அரை மணி நேரம் படுக்கப் போடுவது என் வழக்கம். அன்று யாரும் பாய் விரிக்கவில்லை. அவனே பாய் இருக்கிற இடத்தைத் தேடிப் போய்ப் படுத்துவிட்டான். அவன் வரையில் அவன் ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறான்.

எங்கே தப்பியது

சாயங்காலம் டீச்சர் சொன்ன முதல் வார்த்தை, "எனக்குப் புள்ளைங்கள வெச்சுக்கத் தெரியல டீச்சர், நாளைக்கு வேற யாரையாவது பாத்துக்குங்க." விஷயம் காதுக்கு எட்டியதும் பக்கத்துப் பள்ளி சகா ஒருவர் போனில், "தற்காலிகம்னா இப்படித்தான் இருக்கும்" என்றார். இரண்டையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் 10.50-ஐப் பார்ப்போம். அதுவரை அருமையாகப் போன வகுப்பு ஏன் அந்த மணியோடு கவிழ்ந்தது? கணக்குப் போட்டால் எளிது. இல்லம் தேடிக் கல்வியில் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான் வகுப்பு. இவர் அங்கே பழகிய ஆள். இரண்டு பாட்டு, களிமண், ஒரு கதை என்றால் அங்கே ஒரு சாயங்காலம் நிறைவாகத் தீர்ந்துவிடும். அன்றும் அது 10.50-க்குச் சரியாகத் தீர்ந்தது. மிச்சம் நாலு மணி நேரத்துக்குப் பையில் எதுவும் இல்லை. அதோடு, சாயங்கால வகுப்புக்குப் பிள்ளை வீட்டில் சாப்பிட்டு, கை கால் கழுவி, வெளிக்குப் போய்விட்டு வரும். அங்கே சாப்பாடு, தூக்கம், ஒண்ணுக்கு எதுவும் டீச்சர் பாடு இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு என்றால் பாதி வேலை அதுதான்.

இரண்டாவது, மூன்று நிலையை ஒரே சிலேட்டு வேலையில் மடக்கியது. எண்ணும் எழுத்தும் பயிற்சி ஜூன் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. ஜூலையில் வந்தவரை அதற்கு யார் கூப்பிட்டார்கள்? கைப்புத்தகம் என் பீரோவில் இருந்தது. வெள்ளிக்கிழமையே கொடுத்திருக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். அன்று கெட்டதெல்லாம் பாடத்தில் கெடவில்லை. ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்கும் இடுக்குகளில் கெட்டது. மணி அடித்ததும் யார் முதலில் உள்ளே வருவது, யார் எங்கே உட்காருவது, ஒண்ணுக்கு எப்படிக் கேட்பது, சோறு தின்ற பிறகு என்ன. இதெல்லாம் எங்கள் வகுப்பில் இல்லாமல் இல்லை. ஒன்றரை மாதம் பாடுபட்டுப் பழக்கி வைத்திருந்தேன். ஆனால் எல்லாம் என் தலைக்குள்ளும் அந்த 27 பிள்ளைகள் தலைக்குள்ளும் மட்டும் இருந்தன. எதையும் நான் எழுதி வைத்ததும் இல்லை, யாருக்கும் சொன்னதும் இல்லை. பதிவேட்டை ஒப்படைத்தேன், வகுப்பை ஒப்படைக்கவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் பாய்ச்சுகிற முறை ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு மாறும்போது மடையை யார் எப்போது அடைக்கிறார்கள், எந்தப் பலகை ஆடும் என்பதுவரை அடுத்த ஆளிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். 27 பிள்ளைகளைக் கொடுத்த நான் அதுகூடச் செய்யவில்லை.

தகுதித் தேர்வு முதல் தாளில் 150 கேள்வி. அதில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும். எத்தனை வருஷக் கேள்வித்தாளைப் புரட்டினாலும் சுண்டு விரல் அதில் வராது. வரவும் முடியாது, பள்ளிக்குப் பள்ளி அது வேறு. அந்தந்த வகுப்பில் இருந்தவர்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: எண்ணுவது. காலையில் கைப்பேசியில் வருகை ஏற்றினால் அது அரசாங்கத்துக்கு. மணி அடிக்கும்போதெல்லாம் தலை எண்ணுவது நமக்கு. வாய்க்கால் ஓரத்துப் பள்ளியில் இதற்கு விலக்கு கிடையாது. 1.30-க்கு அவர் எண்ணினார், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. அன்றைய நாளில் அவர் செய்த சிறந்த காரியம் அதுதான் என்றும் சொன்னேன். நம்பாதது போல் பார்த்தார்.

மாற்றிச் செய்தது

அன்றே மூன்று மணிக்கு என் பக்கத்துப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், ஒன்றாம் வகுப்போடு பாயில் உட்கார்ந்தேன். "நண்டு கதை பாதியில நின்னுபோச்சாமே, மீதிய சொல்லுங்க டீச்சர்" என்றேன். அவர் நடுங்கிய குரலில் ஆரம்பித்தார், நண்டு இந்தத் தடவை சாய்ந்து சாய்ந்து போனது. நடுவில் நான் சுண்டு விரலை உயர்த்தினேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கு ஒரு கணம் புரியவில்லை, பிறகு புரிந்தது. "போயிட்டு வாங்க டீச்சர்" என்றார். நான் எழுந்து போய், வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, "உள்ள வரலாமா டீச்சர்?" என்று கேட்டு உட்கார்ந்தேன். பெரிய டீச்சரே சின்ன டீச்சரிடம் கேட்டுத்தான் போகிறார் என்றால் அப்புறம் பேச்சென்ன? காலையில் ஒரு வரியில் முடித்த ஒப்படைப்பை இப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அவரை ஐந்து மணி பஸ்ஸை விடச் சொல்லி, ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு பேருமாக எழுதினோம். விரல் அர்த்தங்கள். வேப்பமரத்தடியில் கைகோத்து வரிசை. எந்தப் பிள்ளைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்தால் அடி நடக்கும். யாருக்குக் காது மந்தம். யாருடைய அம்மா கொத்தனார் வேலைக்குப் போய் இருட்டித்தான் வருவார். எந்தப் பிள்ளை சோற்றைத் தம்பிக்கு மடித்துக்கொண்டு போகும், அதைப் பார்த்தும் பாராமல் விட வேண்டும். பதினோரு பக்கம் வந்தது. ஒன்றரை மாதத்தில் இவ்வளவு தெரிந்து வைத்திருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாடத்துக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார், என் யோசனை இல்லை. மூன்றாம் வகுப்பில் நாலு பேரைப் பொறுக்கி, சீக்கிரம் எழுதி முடித்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆளுக்கு ஒருவராகக் கை பிடித்து எழுதவைக்கச் சொன்னார். "அப்புறம்?" என்ற குரல் அதோடு அடங்கியது. சத்தம் இருக்கத்தான் செய்தது. 27 பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தம் இல்லையென்றால்தான் நான் போய்ப் பார்ப்பேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். வருவாரோ மாட்டாரோ என்று நான் பஸ் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. அந்தப் பெண் குழந்தை அன்று வரவில்லை. ஆயா மூலம் சொல்லி அனுப்பியும் வரவில்லை. புதன்கிழமை அதன் ஆத்தா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போனார். முன்வரிசையில் அதே இடத்தில் உட்கார்ந்தது. பதினோரு மணி வாக்கில் டீச்சரைப் பார்த்துக் கையைத் தூக்கியது. இரண்டு விரல்.

டீச்சர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் பாய்ந்தார். வாசல்படி வரைக்கும் போயிருப்பார். ஜூனிலிருந்து அந்தக் குழந்தையின் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"இல்ல டீச்சர். பழம்."